ரெட் டாட் பொருத்திய ஏர் பிஸ்டலில் குரூப் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது: எதைச் சீராக்க வேண்டும்?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துக்கு அருகில் எங்களுக்கு மாந்தோப்பு உள்ளது. காய் வரத்து முடிந்தபின் காலியாக இருக்கும் கிடங்கில் 10 மீட்டர் அளந்து, சுவரோரம் மணல் மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, தாளின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு மாட்டி, கதவைத் தாழிட்டுக்கொண்டு பயிற்சி செய்து வருகிறேன். என்னுடையது 12 கிராம் கேப்சூலில் இயங்கும் 4.5 மி.மீ. சிஓ2 பிஸ்டல். வயது ஐம்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. தூரப் பார்வைக் கண்ணாடியை அணிந்தால் பிஸ்டலின் முன்குறி மங்குகிறது; படிக்கும் கண்ணாடியை அணிந்தால் தாளில் உள்ள கறுப்பு வட்டமே கரைந்துவிடுகிறது. அதனால் குழாய் வடிவ ரெட் டாட் (கண்ணாடிக்குள் சிவப்பு ஒளிப்புள்ளியைக் காட்டும் குறிபார்க்கும் கருவி, அதாவது சைட்) ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். அதன் கண்ணாடியின் விட்டம் 20 மி.மீ., புள்ளியின் அளவு 4 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), புள்ளியை நகர்த்தும் திருகு ஒரு கிளிக்குக்கு 1 எம்ஓஏ நகரும்.

ஒரே அமர்வில் சுடும் பெல்லட்டுகள் பெரும்பாலும் நெருக்கமாகவே விழுகின்றன. ஆனால் அந்த நெருக்கம் விழும் இடம் நாளுக்கு நாள் மாறுகிறது. ஒரு நாள் குரூப் (சேர்ந்து விழும் பெல்லட்டுகளின் கூட்டம்) முழுவதும் வலப்பக்கம் எட்டாம் வளையத்தில் அமர்கிறது. அதைப் பார்த்துத் திருகைத் திருப்பினால் அடுத்த முறை இடப்பக்கம் போகிறது. சில நாள்களில் கீழே இறங்கிவிடுகிறது. சைட்டைப் பிஸ்டலோடு பிணைக்கும் மவுண்ட் திருகுகளின் மேல் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அவை அசையவில்லை. கோளாறு சைட்டிலா, பிடியிலா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். சிவப்புப் புள்ளி ஒரு கணமும் நிற்பதில்லை. அது மையத்தைக் கடக்கும்போது சட்டென்று ட்ரிகரை இழுத்துவிடத் தோன்றுகிறது. இதற்கு என்ன பயிற்சி உண்டு?

---

பாலக்கோடு இயற்பியல் ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது முழுக்க முழுக்க ஒளியியல் சார்ந்தது. பள்ளியில் இடமாறு தோற்றப் பிழை (கண் இடம் மாறினால் குறியும் இடம் மாறித் தெரிவது) என்று நாம் கற்பித்ததும் கற்றதும் இங்கே அப்படியே செயல்படுகிறது.

ரெட் டாட் சைட்டுக்கு இடமாறு தோற்றப் பிழையே கிடையாது என்று விற்பனை அட்டைகளில் அச்சிடுகிறார்கள். அது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டுமே உண்மை. பல சைட்டுகளை 50 கஜத்தில், அதாவது சுமார் 45 மீட்டரில், இந்தப் பிழை வராதபடி ஒத்திசைத்து அனுப்புகிறார்கள். சிலவற்றை அதற்கும் அப்பால் ஒத்திசைக்கிறார்கள். நீங்கள் சுடுவதோ 10 மீட்டரில். புள்ளி கண்ணாடியின் நடுவில் தெரியாமல் ஓரமாக ஒதுங்கித் தெரிந்தால், அந்த ஒதுக்கத்தில் ஏறத்தாழ 78 விழுக்காடு அளவுக்குத் தாளில் பிழை விழும். 10ஐ 45ஆல் வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழித்தால் இந்தக் கணக்கு கிடைக்கும். உங்கள் சைட்டின் விட்டம் 20 மி.மீ. என்கிறீர்கள். புள்ளி விளிம்பை ஒட்டித் தெரிந்தால் ஒதுக்கம் 10 மி.மீ., தாளில் பிழை ஏறத்தாழ 8 மி.மீ. ஏர் பிஸ்டல் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள இடைவெளியும் 8 மி.மீ. தான். ஆகவே, புள்ளியைக் கறுப்பின் நடுவில் மிகச் சரியாக வைத்து, ட்ரிகரையும் குறையின்றி அழுத்தினால்கூட, புள்ளி கண்ணாடியின் எந்தப் பகுதியில் தெரிகிறது என்பதனால் மட்டுமே ஒரு வளையம் முழுதாகப் பறிபோகும். இன்று இட விளிம்பிலும் நாளை வல விளிம்பிலும் தெரிந்தால், இரண்டு நாள் குரூப்புகளுக்கு இடையே 16 மி.மீ. விலகல் வரும்.

திசையையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி கண்ணாடியின் இடப்பக்கம் ஒதுங்கினால் பெல்லட் வலப்பக்கம் விழும். மேற்பக்கம் ஒதுங்கினால் கீழே விழும்.

இதை ஊகத்தில் விடாமல் சோதித்துப் பாருங்கள். பிஸ்டலில் கேப்சூலும் பெல்லட்டும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மணல் மூட்டையின் மேல் அசையாதபடி அமர்த்தி, புள்ளியைக் கறுப்பின் மையத்தில் நிறுத்துங்கள். பிறகு பிஸ்டலைத் தொடாமல் தலையை மட்டும் மெதுவாக இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்துங்கள். தாளின் மேல் புள்ளி எவ்வளவு தூரம் ஊர்கிறதோ, அதுவே உங்கள் சைட் 10 மீட்டரில் தரக்கூடிய அதிகபட்சப் பிழை. ஒவ்வொரு சைட்டும் ஒவ்வொரு விதமாக இருக்கும் என்பதால், அட்டையில் உள்ளதைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

அளந்த பிறகு செய்ய வேண்டியது எளிது. கறுப்பு அட்டையில் சைட் குழாயின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, அதன் நடுவில் 8 மி.மீ. துளையிட்டு, கண்ணை நோக்கிய முனையில் மாட்டுங்கள். கண்ணாடியில் பசை படக்கூடாது. துளைக்கு வெளியே போனால் புள்ளி மறைந்துவிடும் என்பதால் ஒதுக்கம் 4 மி.மீ.யைத் தாண்டாது, தாளில் பிழை 3 மி.மீ. அளவில் அடங்கும். பழகும்வரை எரிச்சலாக இருக்கும், புள்ளியைத் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலே பிடி எங்கே கோணலாகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

---

தருமபுரி பிஸ்டல் எழுதியது:

அம்மா அவர்கள் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கணக்கை உடம்பில் எப்படிக் கொண்டுவருவது என்பதை நான் சொல்கிறேன். இளைஞர்களுக்குப் பிஸ்டல் சொல்லிக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றுதான்: புள்ளிக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு. தாளின் மேல் அது எங்கே இருக்கிறது என்பது ஒன்று, கண்ணாடிக்குள் எங்கே இருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைக் கால்களின் நிலை தீர்மானிக்கிறது. இரண்டாவதை மணிக்கட்டும் பிடியும் தலையும் தீர்மானிக்கின்றன. பெரும்பாலானோர் முதலாவதை மட்டுமே பார்க்கிறார்கள். கால்கள் சற்றுக் கோணலாக நின்றாலும் மணிக்கட்டை வளைத்துப் புள்ளியைக் கறுப்புக்குள் இழுத்துவிடுகிறார்கள். தாளில் புள்ளி சரியாக இருக்கிறது, கண்ணாடிக்குள் அது ஓரத்துக்குப் போய்விட்டது. அவர்களுக்கு அது தெரிவதே இல்லை. அன்றைய குரூப் நெருக்கமாகவும் இடம் மாறியும் விழுவதற்கு இதைவிட முக்கியமான காரணத்தை நான் கண்டதில்லை.

ஆகவே சுடத் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். நின்று, பிடித்து, கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, இயல்பாக அமையும் இடத்தில் நிறுத்திவிட்டுக் கண்களைத் திறங்கள். புள்ளி கண்ணாடியின் நடுவிலேயே இருக்க, ஆனால் தாளுக்கு இடமாகவோ வலமாகவோ விலகியிருந்தால் கையைத் தொடாதீர்கள். பின்னங்காலைச் சிறிது நகர்த்தி முழு உடம்பையும் திருப்புங்கள். புள்ளி கண்ணாடியின் ஓரத்தில் இருந்தாலோ காணாமலே போயிருந்தாலோ கால்களைத் தொடாதீர்கள். பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டுப் பிடியை முதலிலிருந்து எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டை ஒவ்வொரு முறையும் பிடியின் மேற்பகுதியில் ஒரே இடத்தில் அழுந்த வேண்டும், மணிக்கட்டு ஒரே இறுக்கத்தில் பூட்டப்பட வேண்டும். தலையைப் பிஸ்டலை நோக்கிக் குனிக்காமல் நேராக வைத்து, பிஸ்டலைக் கண்ணின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் ஃப்ரேமின் விளிம்பு வழியாகப் பார்க்கிறோமா, லென்சின் நடு வழியாகப் பார்க்கிறோமா என்பதையும் கவனிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வசதி உண்டு: ரெட் டாட்டின் புள்ளி தூரத்தில் இருப்பதுபோலவே கண்ணுக்குத் தெரியும் என்பதால் தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்றே போதும். இருகுவியக் (பைஃபோக்கல்) கண்ணாடி வேண்டாம். அதன் கீழ்ப்பகுதி வழியாகப் பார்வை போனால் தலை தானாக நிமிர்ந்து எல்லாம் மாறிவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. புள்ளி நிற்காது. உலகத்தரம் வாய்ந்தவர்களின் கையிலும் அது அசைந்துகொண்டுதான் இருக்கும். திறந்த குறிகளில் (கண்ணாடி இல்லாத முன்குறியும் பின்குறியும்) அதே நடுக்கம் இருந்தாலும் கண் முன்குறியில் பதிந்திருப்பதால் அது அவ்வளவாக உறுத்துவதில்லை. ரெட் டாட் அதைச் சிவப்பு விளக்குப் போட்டுக் காட்டுகிறது. அசைவு ஒன்பதாம் வளையத்துக்குள், அதாவது 27.5 மி.மீ. விட்டத்துக்குள், சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அசைவின் நடுவே ட்ரிகர் சீராக அழுந்தினால் பெல்லட்டும் அதற்குள்தான் விழும், பல பத்திலும் விழும். புள்ளி மையத்தைக் கடக்கும் கணத்தில் வெடுக்கென்று இழுத்தால் பிஸ்டலின் வாயே திரும்பிவிடுகிறது, பெல்லட் ஏழுக்கும் ஆறுக்கும் ஓடுகிறது. புள்ளியைத் துரத்துவதால் இழக்கும் வளையங்கள், புள்ளியின் அசைவால் இழப்பவற்றைவிட எப்போதும் அதிகம்.

இதற்கு வெற்றுச் சுவரே சிறந்த ஆசான். இலக்குத் தாளை எடுத்துவிட்டு, பெல்லட் இல்லாத பிஸ்டலை வெள்ளைச் சுவரை நோக்கி உயர்த்தி, ட்ரிகர் விழும் கணத்தில் புள்ளி குதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் பிஸ்டலைக் காற்றில்லாமல் இயக்கலாமா என்பதைக் கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் குறி எதுவும் இல்லாததால் துரத்துவதற்கும் எதுவும் இருக்காது, விரல் தன் வேலையை மட்டும் கற்றுக்கொள்ளும். தாளை மாட்டிய பிறகும் அதே விரலோடு சுடுங்கள். கை நிலைகொண்டு சில நொடிகளில் ட்ரிகர் விழவில்லையென்றால் கையை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அப்படி இறக்கிவிடத் தெரிவதும் ஒரு திறமைதான்.

ஒளியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடங்கு இருட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். தாளுக்கு நல்ல விளக்கு போட்டுவிட்டு, சைட்டின் ஒளியைக் கறுப்பின் மேல் புள்ளி தெரியும் அளவுக்கு மட்டும் குறைத்து வையுங்கள். ஒளி கூடினால் புள்ளி பூத்துப் பெரிதாகும். 10 மீட்டரில் ஒரு எம்ஓஏ ஏறத்தாழ 2.9 மி.மீ.; உங்கள் 4 எம்ஓஏ புள்ளி 11.6 மி.மீ. ஆகிறது. பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. இவ்வளவு பொருத்தமான அளவை அதிக ஒளியால் கெடுத்துவிட வேண்டாம். 59.5 மி.மீ. கறுப்பு வட்டத்தின் நடுவில் புள்ளியை வைத்து, சுற்றிலும் கறுப்பு சமமாகத் தெரிகிறதா என்று பார்ப்பது கண்ணுக்கு மிக எளிது. புள்ளி வட்டமாகத் தெரியாமல் நட்சத்திரமாகவோ வால் முளைத்தோ தெரிந்தால் கைபேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் சைட் நன்றாக உள்ளது. கண் மருத்துவரிடம் சிலிண்டர் பவர் (உருவத்தைச் சிதறிக் காட்டும் பார்வைக் குறைக்கான அளவு) சோதித்துக்கொள்ளுங்கள்.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மணல் மூட்டைச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டேன். தலையை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நகர்த்தியபோது புள்ளி தாளின் மேல் ஏறக்குறைய இரண்டு வளைய அகலம் ஊர்ந்தது. அம்மா சொன்ன கணக்குக்கு வெகு அருகில் வருகிறது. அதன்பின் கண்களை மூடி உயர்த்திப் பார்த்தபோது, புள்ளி கண்ணாடியின் இட ஓரத்தில்தான் பெரும்பாலும் தோன்றியது. வலப்பக்க எட்டுக்கான விடை கிடைத்துவிட்டது. அட்டைத் துளையை மாட்டிய பிறகு பக்கவாட்டு அலைச்சல் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் கீழே இறங்கும் சிக்கல் தீரவில்லை. அட்டை மாட்டிய பின்னும், விடியற்காலையில் சுடும் நாள்களில் குரூப் கீழேயும் மதியத்துக்கு மேல் சுடும் நாள்களில் மேலேயும் அமர்கிறது. பிடியிலும் தலையிலும் வேறுபாடு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

---

ஓசூர் முதல் ஷிப்ட் எழுதியது:

ஐயா, இதில் உங்கள் கையின் பங்கு மிகக் குறைவு. காரணம் கேப்சூலுக்குள் இருக்கிறது. சிஓ2 திரவமாக இருக்கும்வரை அதன் அழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கும்: 10 டிகிரியில் சுமார் 45 பார், 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். எங்கள் ஓசூரில் மார்கழி விடியலில் சுடுவதும் உங்கள் பக்கம் சித்திரை மதியத்தில் சுடுவதும் இரண்டு வெவ்வேறு பிஸ்டல்களால் சுடுவதற்குச் சமம். அழுத்தம் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பெல்லட் கூடுதலாகக் கீழிறங்கும். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நொடிக்கு 130 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் 29 மி.மீ. இறங்குகிறது; 120 மீட்டர் வேகத்தில் 34 மி.மீ. இறங்குகிறது. வேகத்தில் இந்தச் சிறு வேறுபாடே 5 மி.மீ. ஆகிறது, பத்தின் ஓரத்தில் விழ வேண்டியது ஒன்பதாகிவிடும்.

பருவம் மட்டுமல்லாமல் சுடும் வேகமும் இதில் சேரும். ஒவ்வொரு முறை சுடும்போதும் திரவம் ஆவியாவதால் கேப்சூல் குளிர்கிறது; இடைவெளி விடாமல் அடுத்தடுத்துச் சுட்டால் குரூப் கீழ்நோக்கி நீண்டுகொண்டே போகும். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நிமிடம் விடுங்கள். அறுபது ஷாட்டுக்கு 75 நிமிடம் தரும் போட்டியின் வேகமும் ஏறத்தாழ இதுதான் என்பதால் பழக்கமும் கெடாது. பிஸ்டலைக் கிடங்கில் அரை மணி நேரம் முன்பே கொண்டுவந்து வைத்து, அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். கேப்சூலை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒருபோதும் வைக்கக்கூடாது. 31 டிகிரியைத் தாண்டினால் திரவநிலையே நீடிக்காது, அழுத்தம் வேகமாக ஏறிவிடும்.

திருகைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. ஒரு குரூப்பைப் பார்த்துத் திருகைத் தொடவே கூடாது. ஒரே வேளையில், ஒரே வெப்பத்தில், புள்ளி கண்ணாடியின் நடுவில் இருக்க, பத்து ஷாட் கொண்ட குரூப் ஒன்றைச் சுட்டு அதன் மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றொரு நாள் அதே சூழலில் இன்னொன்றைச் சுடுங்கள். இரண்டு மையங்களும் ஒரே பக்கம் விலகியிருந்தால் மட்டும் திருப்புங்கள். உங்கள் சைட்டில் ஒரு கிளிக் 2.9 மி.மீ. என்பதால் ஒரு வளைய விலகலுக்கு மூன்று கிளிக்குக்கு மேல் தேவைப்படாது. எத்தனை கிளிக், எந்தத் திசை, அன்று எத்தனை டிகிரி என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்குப் பின் காலைக்கும் மதியத்துக்குமான வேறுபாடு உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். திருகைத் தொடாமலேயே புள்ளியைச் சற்று மேலே வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

பிஸ்டல் சாய்வதைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். ரெட் டாட்டில் பின்குறியின் பள்ளம் இல்லாததால் சாய்வு கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் 10 மீட்டரில் சரிசெய்த பிஸ்டலை 5 டிகிரி சாய்த்தால் வரும் பிழை இரண்டரை மி.மீ. அளவே. அதைவிடப் புள்ளி கண்ணாடியில் ஒதுங்குவது பெரிய பிழை. முதலில் அதைக் கவனிப்பதே சரி. வீட்டுக் கூடத்தில் 5 மீட்டரில் பழகுகிறவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: சைட் குழலுக்கு 40 மி.மீ. மேலே இருந்து, 10 மீட்டரில் சரிசெய்யப்பட்டிருந்தால், 5 மீட்டரில் பெல்லட் ஏறத்தாழ 13 மி.மீ. கீழே விழும். அதைக் கண்டு திருகைத் திருப்பினால் 10 மீட்டரில் எல்லாம் மேலே போய்விடும்.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. நோட்டு போட்டுவிட்டேன், கிடங்குச் சுவரில் வெப்பமானியும் மாட்டிவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி. கல்லூரியில் படிக்கும் என் மகளும் இதே பிஸ்டலில் பழக ஆசைப்படுகிறாள். அவள் பின்னாளில் போட்டிக்குப் போக விரும்பினால் இந்த சைட் உதவுமா?

---

தருமபுரி பிஸ்டல் எழுதியது:

போட்டியில் உதவாது. பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் திறந்த குறிகளுக்கு மட்டுமே அனுமதி. ரெட் டாட், லேசர், தொலைநோக்கி எதுவும் கூடாது. பார்வைத் திருத்த லென்சைப் பிஸ்டலில் பொருத்தவும் கூடாது, சுடுபவர் அணியலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வென்றது திறந்த குறிகளோடுதான். ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும், பிஸ்டலின் மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்புகளும் உண்டு.

ஆகவே மகளைத் தொடக்கத்திலிருந்தே திறந்த குறியில் பழக்குங்கள். இளம் கண்களுக்கு முன்குறியில் பார்வையைப் பதிப்பது சிரமமாக இருக்காது, அந்தப் பழக்கம் சிறு வயதிலேயே வந்தால் நிலைக்கும். ரெட் டாட்டை அவருக்கு வாரத்தில் ஒருநாள் வெற்றுச் சுவர்ப் பயிற்சிக்கு மட்டும் கொடுங்கள். ட்ரிகர் விழும்போது தன் கை என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகக் காண அதைவிட நல்ல கருவி இல்லை. உங்களுக்கு ஏற்றவாறு சரிசெய்த சைட்டைக் கழற்றி மாட்டுவதால் ஜீரோ (புள்ளியும் பெல்லட் விழும் இடமும் ஒன்றுமாறு செய்த அமைப்பு) நகரக்கூடும் என்பதால், முடிந்தால் அவருக்குத் தனிப் பிஸ்டலே வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மவுண்ட்டைப் பிஸ்டலின் மேல் உள்ள தண்டவாளத்தின் (சைட் மாட்டும் பட்டையின்) அதே பள்ளத்தில் முன்பக்கமாகத் தள்ளி, திருகுகளை மாற்றி மாற்றி ஒரே இறுக்கத்துக்கு முடுக்கி, பத்து ஷாட் சுட்டு நோட்டில் உள்ள மையத்தோடு ஒப்பிட்ட பிறகே உங்கள் பயிற்சியைத் தொடங்குங்கள். இருவருமே ஈய பெல்லட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும்.